இறுகிய தசைகளும் புதிய இடுப்பு மூட்டும்

தேய்ந்துபோன இடுப்பு மூட்டை நீக்கிச் செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சை வாசகர் பலரும் அறிந்ததே. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ஜான் சார்ன்லி, 1962-ஆம் ஆண்டு நவம்பரில், உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் கொண்டு இதற்கு உறுதியான வடிவம் தந்தார். ஆயினும், கைகால் தசைகள் விறைத்து இறுகும் நிலையிலுள்ளோருக்கு இதனைச் செய்ய மருத்துவர்கள் நெடுங்காலம் தயங்கினர். மூளை முடக்குவாதத்தோடு வளர்ந்தோர், பக்கவாதம் கண்டோர், தண்டுவடத்தில் அடிபட்டோர் ஆகியோர் இவர்களுள் அடங்குவர்.

தயக்கம் காரணமற்றதன்று. இவர்களுக்குத் தொடையின் உட்புறத் தசைகள் காலை உள்நோக்கி இழுத்து மடக்கிக்கொண்டேயிருக்கும். அவ்விழுப்பினால் புதிய பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். காலூன்றி நடவாதோருக்கு எலும்பும் மெலிந்திருக்கும்.

"நடக்கவே இயலாதவருக்கு மூட்டு எதற்கு?" என்று வினவும் குடும்பத்தார் உண்டு. இக்கேள்வி பொருத்தமற்றது என்பதே எம் கருத்து. நாற்காலியில் அமரவும், இரவில் உறங்கவும், உடை மாற்றத் தொடைகளை விரிக்கவும் இடுப்பு வேண்டுமன்றோ! பேச இயலாதவர் வலியைச் சொல்லவும் இயலாது; அவரது தசைகளே மேலும் இறுகி அதனைக் காட்டும். வலி இறுக்கத்தை வளர்க்க, இறுக்கம் வலியை வளர்க்கும்.

இன்று வழிகள் பல. அறுவையின்போதே இறுகிய தசைநாண்களை வெட்டித் தளர்த்துவர். போட்டுலினம் ஊசி ஏறக்குறைய மூன்று மாதம் தசையைத் தளர்த்தி வைப்பதால், புண் ஆறும் காலத்தில் மூட்டுக்குக் காவலாகிறது. 1970-களில் பிரெஞ்சு மருத்துவர் ஜில் பூஸ்கே வகுத்த இரட்டை அசைவுக் கிண்ணமும் உண்டு. அதில் சிறிய பந்து பெரியதொரு பிளாஸ்டிக் பந்தினுள் சுழலும். அப்பெரிய பந்து உலோகக் கிண்ணத்தினுள் சுழலும். பந்து பெரிதாதலால் எளிதில் நழுவாது.

எனினும், வீடு திரும்பியபின் பெரும்பணி குடும்பத்தாருடையதே. மருத்துவர் அனுமதிக்கும்வரை கால்களுக்கிடையே தலையணை இருத்தல் வேண்டும். கால்மேல் கால் போடுதல், சம்மணமிடுதல், குந்துதல் ஆகியன கூடா. காலை அசைக்கும்போது அவசரம் வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலிய நரம்பியல் வல்லுநர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-இல் இவ்விறுக்கத்திற்கு இலக்கணம் வகுத்தபோது, வேகத்தையே அதன் அடையாளமாகக் காட்டினார். வெடுக்கென இழுத்தால் தசை எதிர்த்து நிற்கும். மெல்ல மெல்ல நீட்டினால் இணங்கும். இயன்முறை மருத்துவர் செய்வதை அருகிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுதல் நலம்.

நன்றாயிருந்த கால் திடீரென முன்னிலும் இறுகினால், பயிற்சியைக் குறை கூறுமுன் உடலைச் சோதியுங்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், இறுக்கமான காலணி ஆகியவையும் இறுக்கத்தைத் தூண்டும். மூட்டு நழுவியிருத்தலும் காரணமாகலாம். ஒரு கால் குட்டையாகவோ திரும்பியோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

பேக்லோஃபென் மாத்திரை உட்கொள்வோர் அதனைத் திடீரென நிறுத்துதல் ஆபத்து. அறுவைக்காக உணவு நிறுத்தப்படும் நாளிலும் அதனை என்ன செய்வதென மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளுங்கள்.