சீட்டு நோட்டும் பாஸ்புக்கும்

கம்பத்தில் இருட்டு பிரியுமுன்னே ஜீப்புகள் உறுமத் தொடங்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறிக்கொள்வார்கள். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத் திரும்புவார்கள். இது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. கூலியில் மிச்சம் பிடித்த காசு போய்ச் சேரும் இடம்தான் மாறியிருக்கிறது.

முன்பு அது சீட்டில் சேர்ந்தது. இருபது பேர், ஒரு நாற்பது பக்க நோட்டு. சீட்டு பிடிப்பவரும் அதே ஜீப்பில் வருகிற அக்காதான். கூலி கைக்கு வந்த அன்று முந்தானை முடிச்சு அவிழும். பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். மகள் சடங்கென்றாலோ கூரை ஒழுகினாலோ தள்ளி எடுத்துக்கொள்ளலாம். மீதி கம்மலாகும். கோடையில் அந்தக் கம்மல் அடகுக்கடைக்குப் போய், காய் எடுப்பு தொடங்கிய பிறகு காதுக்குத் திரும்பும். ஆனால் எந்தச் சீட்டும் அறுபது வயது வரை ஓடியதில்லை. முதுமைக்கென்று இருந்தது மகன் ஒருவன்தான். அவனும் திருப்பூரில் இருப்பான்.

2015-ல் அடல் பென்ஷன் யோஜனா வந்தது. 18 முதல் 40 வயதுக்குள் சேரலாம். 30 வயதில் சேர்ந்து மாதம் 116 ரூபாய் கட்டினால் 60-க்குப் பிறகு மாதம் 1000 ரூபாய். 577 கட்டினால் 5000. சேர்ந்தவர் காலமானால் துணைக்கு அதே தொகை. இருவருக்கும் பிறகு, 1000 ரூபாய்க் கணக்கென்றால், வாரிசுக்கு 1,70,000. அக்காவின் நோட்டில் இப்படியொரு வரிக்கு இடமிருந்ததில்லை.

தவணையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்வார்கள். ஏப்ரலிலும் மே மாதத்திலும் தோட்டத்தில் வேலை குறைவு, கணக்கு காலியாகக் கிடக்கும். தவறிய 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். சின்னத் தொகைதான். ஆனால் அக்காவிடம், "அடுத்த வாரம் சேர்த்துத் தாறேன்" என்று சொன்னால் போதுமாயிருந்தது.

பாலக்காட்டுப் பக்கம் கதை வேறு. சித்தூர், கொழிஞ்சாம்பாறையில் கள் இறக்குபவர்களுக்கு 1969-லேயே கேரளம் நலநிதிச் சட்டம் போட்டுவிட்டது. 1980-ல் விவசாயத் தொழிலாளர் பென்ஷன் 45 ரூபாயில் தொடங்கியது. 2025 நவம்பரிலிருந்து 2000. காசு கட்டாமல் வரும் பென்ஷன் இவ்வளவு வளர்ந்ததற்குக் காரணம், அதைக் கேட்டு வாங்கச் சங்கமும் கொடியும் இருந்ததுதான். மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் பென்ஷனிலோ 2015-ல் எழுதிய 1000 ரூபாய், 2045-லும் 1000 ரூபாய்தான். அன்றைக்கு அதற்கு எத்தனை கிலோ அரிசி வருமோ.

ஜீப்பில் போகிறவர்களுக்கு அந்த 2000-மும் இல்லை. வேலை மலைமேல், ரேஷன் கார்டு தேனி மாவட்டத்தில். அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை, 1200.

38 வயதில் அடல் கணக்கில் சேர்ந்த ஒரு பெண் மாதம் 240 ரூபாய் கட்டுகிறார். ஜீப்புச் சீட்டையும் விடவில்லை. ரெண்டும் எதுக்கு என்றேன். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அது அறுபதுல. இது வர்ற ஜூன்ல. புள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டணும்ல?"