தோள் கொடுக்கும் துணையும் டப்பாவில் அடைத்த வலிமையும்

கைப்பேசியில் ஆண்டுச் சந்தா, தோளில் புதிய பை, அலமாரியில் புரதப் பொடி டப்பா. பெங்களூரில் உடலை வலுப்படுத்தப் புறப்படும் ஒருவர் பெரும்பாலும் இம்மூன்றிலிருந்தே தொடங்குகிறார். முதல் மாதத்திலேயே சம்பளத்தின் கணிசமான பகுதி கரைந்துவிடுகிறது. அதில் எவ்வளவு உடலில் சேர்கிறது, எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் பார்ப்போர் மிகக் குறைவு. வரவு செலவைக் கவனித்து வாழும் நாம் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கரடிக்கூடம் முதல் ஹெர்குலிஸ் வரை

உடற்பயிற்சி பெங்களூருக்குப் புதிதன்று. பழைய பேட்டைப் பகுதிகளில் ‘கரடி மனெ’ எனப்படும் மல்யுத்தக் கூடங்கள் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளன. தமிழிலும் கரடிக்கூடம் என்ற சொல் உண்டு. செம்மண் களம், தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவையே அங்கு மூலதனம். கரகத் திருவிழாவில் வாளேந்தி வரும் வீரகுமாரர்கள் இக்கூடங்களோடு நெருங்கிய தொடர்புடையவர்கள்.

இதே நகரில்தான் கே.வி. ஐயர் தமது ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக்கூடத்தை நடத்தினார். 1930-இல் ‘மசில் கல்ட்’, 1936-இல் ‘பெர்ஃபெக்ட் ஃபிசிக்’ ஆகிய நூல்களை வெளியிட்டார். பார்பெல்லையும் யோகாசனத்தையும் சூரிய நமஸ்காரத்தையும் ஒரே பயிற்சி முறைக்குள் இணைத்தது அவரது தனித்தன்மை. நேரில் வர இயலாதோருக்குத் தபால் வழியே பயிற்சியளித்தார். ‘சாந்தலா’ என்னும் கன்னட நாவலை எழுதியவரும் அவரே. இன்றைய புரதப் பொடி வணிகம் தலையெடுக்காத காலம் அது. முறையான பயிற்சி, நல்ல உணவு, போதிய ஓய்வு என்ற மூன்றைக் கொண்டே அன்று உடல்கள் உருவாயின. அடிப்படை இன்றும் அதுவேதான்.

தொடர் வைப்பு போன்ற பயிற்சி

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், குறைந்தது 2 நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. தொடங்குவோர் வாரம் மூன்று நாட்கள் சென்றாலே இந்த அளவை எட்டலாம். ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாட்களில் கடும் பயிற்சி தராமல், இடையில் ஏறக்குறைய 48 மணி நேரம் விடுவது நல்லது. எடையைச் சிறுகச் சிறுகவே கூட்ட வேண்டும். குறித்த எண்ணிக்கையைச் சீரான அசைவுடன் முடிக்க இயலும்போதுதான் அடுத்த இரண்டரைக் கிலோவுக்கு நகரலாம். மாதந்தோறும் சிறு தொகை சேரும் தொடர் வைப்பைப் போல, இதன் பலன் இடைவிடாமையில் இருக்கிறது.

சந்தா செலுத்துமுன் ஓர் அமெரிக்க ஆய்வை நினைவில் கொள்ளலாம். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற பொருளியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், மாதச் சந்தா கட்டியவர்கள் ஒருமுறை சென்றுவரச் சராசரியாக 17 டாலருக்கு மேல் செலவிட்டது தெரியவந்தது. பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் அவர்களுக்கு முறைக்கு 10 டாலரே ஆகியிருக்கும். இனி எப்படியும் அடிக்கடி போவோம் என்ற நம்பிக்கைக்கு அவர்கள் கொடுத்த விலை அந்த ஏழு டாலர். எனவே முதலில் ஒரு மாதம் அல்லது மூன்று மாதங்களுக்குச் சேருங்கள். எத்தனை நாட்கள் சென்றீர்கள் என்று குறித்து வையுங்கள். ஆண்டுச் சந்தா வேண்டுமா என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் காலமானார். அன்று காலை அவர் உடற்பயிற்சி செய்திருந்தார் என்ற செய்தி நகரையே உலுக்கியது. அடுத்த நாட்களில் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையில் பரிசோதனைக்கு வந்தோர் கூட்டம் பெருகியது. இதற்காக உடற்பயிற்சியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாற்பதை நெருங்குவோரும், குடும்பத்தில் இதயநோய் உள்ளோரும், இரத்த அழுத்தம் அல்லது நீரிழிவு உடையோரும் மருத்துவரைக் கண்ட பின்னரே கடும் பயிற்சியில் இறங்க வேண்டும்.

பின்னால் நிற்பவரின் பொறுப்பு

கனமான எடையைத் தூக்குபவருக்கு அருகில் நின்று, அவர் தடுமாறும் கணத்தில் கைகொடுப்பதை ஜிம்களில் ‘ஸ்பாட்டிங்’ என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிக்கானேரில், 270 கிலோ எடையுடன் பயிற்சி செய்த 17 வயது வலுதூக்கும் வீராங்கனை, கம்பி கழுத்தில் விழுந்து உயிரிழந்தார். பயிற்சியாளர் அருகில் இருந்தும் அது நேர்ந்தது. துணைக்கு ஆள் இருந்தாலும், கம்பியைத் தாங்கிக்கொள்ளும் பாதுகாப்புச் சட்டங்கள் ஏன் தேவை என்பதை அந்தத் துயரம் உணர்த்துகிறது.

துணை நிற்பவருக்குச் சில நெறிகள் உண்டு. தூக்குபவரிடம் எத்தனை முறை தூக்கப் போகிறார், எப்போது உதவி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பெஞ்ச் பிரஸ் செய்பவருக்குத் தலைமாட்டில் நின்று, கைகளைக் கம்பிக்கு அருகில், அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். கம்பி நடுவில் நின்றாலோ கீழிறங்கத் தொடங்கினாலோ உடனே பிடிக்க வேண்டும். அதற்கு முன்பே கைவைத்தால் தூக்குபவரின் உழைப்பைப் பறித்தவர் ஆவோம். டம்பெல் தூக்குபவருக்கு முழங்கையைவிட மணிக்கட்டருகே கைகொடுப்பதே பாதுகாப்பு. தோளில் கம்பி சுமந்து ஸ்குவாட் செய்பவருக்குக் கம்பியின் இரு முனைகளிலும் ஒருவர் வீதம் நிற்பது சிறந்தது. டெட்லிஃப்டுக்குத் துணை நிற்பதில்லை. இயலாதபோது எடையைத் தரையில் விட்டுவிடுவதே முறை. அறிமுகமற்றவரை, குறிப்பாகப் பெண்களை, அனுமதியின்றித் தொடலாகாது. கைப்பேசியைப் பார்த்தபடி துணை நிற்பதைவிட, “இப்போது இயலாது” என்று சொல்லி விலகுவது நேர்மையானது.

உதவி கேட்பவருக்கும் கடமை உண்டு. தம்மால் ஓரளவு இயலும் எடையையே எடுக்க வேண்டும். துணை நிற்பவரையே பாதிச் சுமை தூக்கவைக்கக் கூடாது. தனியே பயிற்சி செய்வோர் பாதுகாப்புச் சட்டங்கள் கொண்ட கூண்டுக்குள் செய்வதே சரி.

டப்பாவின் உண்மை மதிப்பு

இந்தியர்களுக்கான பரிந்துரைப்படி, சராசரிப் பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். எடைப் பயிற்சி செய்வோருக்குத் தேவை கூடும். ஆனால் 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் கூடுதல் புரதம் உண்பதால் தசை மேலும் வளர்வதில்லை என்று கண்டது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 96 கிராம்.

சைவ உணவிலேயே இதைக் கிட்டத்தட்ட எட்ட முடியும். அரை லிட்டர் பாலில் சுமார் 16 கிராம், 50 கிராம் மீல்மேக்கரில் 26 கிராம், 75 கிராம் பருப்பில் 17 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், அன்றாடம் உண்ணும் அரிசி, கோதுமை, ராகியில் 25 கிராம் எனக் கூட்டினால் 91 கிராம் ஆகிறது. முட்டை உண்பவருக்கு ஒவ்வொரு முட்டையும் மேலும் 6 கிராம் தரும்.

விலையையும் ஒப்பிடுவோம். ஒரு கிலோ டப்பா 2,700 ரூபாய் எனவும், அதில் 790 கிராம் புரதம் உள்ளது எனவும் கொண்டால், ஒரு கிராம் புரதம் ஏறத்தாழ 3.40 ரூபாய். ஏழு ரூபாய் முட்டையில் அது 1.20 ரூபாய்க்கும் குறைவு. கிலோ 150 ரூபாய் மீல்மேக்கரில் 30 காசுக்கும் குறைவு.

டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இந்தியச் சந்தையிலிருந்து எடுத்த 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டில் புரத அளவு தவறாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும் காணப்பட்டன. அதே ஆண்டு ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும், உடல் வளர்ப்புக்கெனப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது.

அப்படியானால் எல்லாமே வீணா? இல்லை. வேலைச் சூழலால் வேளைக்கு உண்ண இயலாதவருக்கும், உணவில் புரதம் உண்மையிலேயே குறைந்தவருக்கும் நம்பகமான வே புரதம் ஒரு வசதி. நாள்தோறும் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் எடைப் பயிற்சிக்கு உதவுகிறது என்பதற்கும் வலுவான சான்றுகள் உள்ளன. சிறுநீரகக் கோளாறு உள்ளோர் இவ்விரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் தொடலாகாது. போதிய புரதம் உண்பவருக்கு பி.சி.ஏ.ஏ. எனப்படும் அமினோ அமிலப் பொடி தேவையற்ற செலவு. பயிற்சிக்கு முன் அருந்தும் பானங்களின் ஊக்கம் பெரும்பாலும் காஃபீன் தருவது; அதை ஒரு குவளை ஃபில்டர் காபியும் தரும். ஊக்க மருந்துகளையும் ஸ்டீராய்டு ஊசிகளையும் யார் பரிந்துரைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

1. ஒரு வாரம் உண்டதை எழுதிக் கூட்டிப் பார்த்தீர்களா? குறை எவ்வளவு?
2. அந்தக் குறையைப் பால், பருப்பு, முட்டை கொண்டு நிரப்ப இயலாதா?
3. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் உள்ளதா?
4. ஒரு கிராம் புரதத்துக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள்?
5. பரிந்துரைப்பவரே விற்பவராகவும் இருக்கிறாரா?

இவற்றுக்கு விடை கண்ட பின்னும் வாங்கத் தோன்றினால் சிறிய டப்பாவாக வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் தகுதியுள்ள பயிற்சியாளரிடம் மூன்று மாதம் சரியான அசைவுகளைக் கற்றுக்கொள்ளலாம். டப்பா ஒரு மாதத்தில் காலியாகிவிடும். கற்ற அசைவும், பின்னால் நிற்கும் நம்பகமான துணையும் நெடுங்காலம் உடன் வரும்.