கண் என்ன வைத்தியரா?

பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி ஆறுவதற்குள் தீர்ப்பு முடிந்துவிடும். சுங்கை பாக்காப் தோட்டத்து வீடானாலும் சரி, ஜார்ஜ்டவுன் அடுக்குமாடியானாலும் சரி. "மூஞ்சி களையா இருக்கு" என்பார் அத்தை. "வெளுத்துப் போயிருக்கே, ரத்தம் கம்மியோ?" என்பார் சித்தி. அழகைப் பற்றிப் பேசுவதாகத்தான் இருவருக்கும் நினைப்பு. பேசுவதென்னவோ உடல்நலத்தைப் பற்றி.

கிருமி உள்ளே வந்தபின் போராடுவது ரத்த வெள்ளணுக்களின் வேலை. வருமுன்பே ஆளை விலக்கி நிறுத்துவது கண், மூக்கு, அருவருப்பு இவற்றின் வேலை. கனடாவின் உளவியலாளர் மார்க் ஷாலர் இதை நடத்தைவழி நோய்த்தடுப்பு என்கிறார். கண்ணுக்கு அந்தத் திறமை ஓரளவு இருக்கத்தான் செய்கிறது. சுவீடனில் 16 பேருக்குப் பாக்டீரியாவின் நச்சுப்பொருளை ஊசியில் செலுத்தி, இரண்டு மணி நேரம் கழித்துப் படம் எடுத்தார்கள். வெளுத்த உதடு, தொங்கிய இமை, உப்பிய முகம் இவற்றை வைத்தே யாருக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்தவர்கள் ஓரளவு கண்டுபிடித்தார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் இவ்வளவு சரியாக வராது. ஆய்வு வெளியான ஆண்டு 2018.

சிக்கல் என்னவென்றால், இந்தக் காவல்காரனுக்குச் சந்தேகம் அதிகம். 2012இல் வெளியான ஒரு சோதனையில், முகத்தில் பிறவி மச்சம் உள்ளவர் தொட்ட பொருளைத் தொட, சளிக்காய்ச்சல்காரர் தொட்டதைத் தொடுவதைப் போலவே மக்கள் கூசினார்கள். மச்சம் ஒட்டாது என்பது மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. வெண்புள்ளியும் ஒட்டாது, ஆனால் அதைக் காரணம் காட்டி எத்தனை சம்பந்தம் முறிகிறது! அம்மைத் தழும்பு இன்னும் வேடிக்கை. பெரியம்மை கண்டு பிழைத்தவரை அந்த நோய் மறுபடி அண்டுவது மிக அரிது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'அம்மை கண்டவர் தேவை' என்றே வேலையாள் விளம்பரம் வந்தது. ஆபத்தில்லாத முகத்தைத்தான் நாம் குறைமுகம் என்றோம்.

ஊர்க் கதையும் அதுதான். பெருவியாதிக்காரர்களைப் பினாங்குக்கு எதிரே உள்ள ஜெரஜாக் தீவுக்குக் கொண்டுபோய் ஒதுக்கினார்கள். அது எளிதில் தொற்றும் நோயே அல்ல. அதே காலத்தில் செபராங் பிறை கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோரைக் கொன்று குவித்தவை காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும். கொசுவும் அழுக்குத் தண்ணீரும் கொண்டுவந்த சாவை எந்த முகத்தில் படிப்பது?

அழகான முகம் என்றால் திடமான உடம்பு என்பதும் நிற்கவில்லை. 17 வயதில் எடுத்த படங்களுக்குச் சிலர் பெற்ற அழகு மதிப்பெண்ணை, அவர்களுடைய பிற்கால உடல்நலத்தோடு அமெரிக்க ஆய்வாளர்கள் 1998இல் ஒப்பிட்டார்கள். தொடர்பு காணவில்லை.

நிறத்தில் மட்டும் கண்ணுக்குக் கொஞ்சம் மதிப்புக் கொடுக்கலாம். செமினியிலுள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக மலேசிய வளாகத்தின் ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. 81 மாணவர்களில் ஒரு பகுதியினர் ஆறு வாரம் தினமும் பழமும் காய்கறியும் அரைத்த பானம் குடித்தார்கள்; மற்றவர்களுக்கு வெறும் தண்ணீர். பானம் குடித்தவர்களின் முகத்தில் மஞ்சளும் சிவப்பும் கூடின. நிறுத்தி இரண்டு வாரம் ஆகியும் நிறம் மங்கவில்லை. கேரட், பப்பாளி, கீரையில் உள்ள கரோட்டினாய்டுகள் தோலில் போய்த் தங்குவதே காரணம். இப்படி லேசாக மஞ்சள் ஏறிய முகத்தைத்தான் பார்ப்பவர்கள் ஆரோக்கியமானது என்கிறார்கள். சோதனைக்கு வந்தவர்கள் மலேசியச் சீனர்கள். நம் கறுப்புத் தோலில் மாற்றம் இதே அளவு தெரியும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் பாசார் மாலாமில் பப்பாளிக்கடையைத் தாண்டிப்போய் வெள்ளையாக்கும் கிரீம் வாங்குகிறோம். பாதரசம் கலந்த கிரீம்களைச் சுகாதார அமைச்சு அடிக்கடி தடை செய்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வாங்குமுன் டப்பாவில் உள்ள அறிவிப்பு எண்ணை அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவான என்பிஆர்ஏவின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். எண்ணே இல்லையென்றால் வாங்காதீர்கள்.