பூனைக்கு நீரிழிவு: வீட்டில் முதல் சில வாரங்கள்

"பூனைக்கும் சர்க்கரை நோய் வருமா?" எங்கள் சிறுபிராணிகள் மருத்துவப் பிரிவில் நோயை உறுதிசெய்து கூறியவுடன் பெரும்பாலான குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி இது. இரண்டாவது கேள்வி தயக்கத்துடன் வரும்: "தினம் இரண்டு ஊசி எங்களால் இயலுமா? இல்லாவிட்டால் என்ன ஆகும்?" ஊசி போடப் பழகிக்கொள்ள முடியும். மருத்துவம் செய்யாமல் விட்டால்தான் பூனை நாளுக்கு நாள் மெலிந்து உயிருக்கு ஆபத்தான நிலையை அடையும்.

மிகுதியாக நீர் அருந்துதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நன்றாக உண்டும் எடை குறைதல் ஆகியவை இந்நோயின் முதன்மை அறிகுறிகள். சில பூனைகள் பின்னங்கால்களின் குதிப்பகுதி தரையில் படும்படி நடக்கும். இது நரம்புகள் பாதிக்கப்பட்டதன் அடையாளம். உடல் பருத்த, வீட்டுக்குள்ளேயே வளரும், நடுத்தர வயதைக் கடந்த ஆண் பூனைகளிடம் இந்நோய் அதிகம் காணப்படுகிறது.

இன்சுலினும் ஊசியும்

பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் நாளொன்றுக்கு இருமுறை, உணவு உண்டபின் ஊசி போடுவதே வழக்கம். காலை 7, இரவு 7 என உங்கள் வீட்டு நடைமுறைக்கு ஏற்ற நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

நாங்கள் மிகவும் வலியுறுத்துவது ஒன்று உண்டு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள இன்சுலினும், 100 யூனிட் உள்ள இன்சுலினும் கிடைக்கின்றன. அவற்றுக்கான சிரிஞ்சுகளும் வேறு வேறு. 40-க்கு உரியது பெரும்பாலும் சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40-க்குரிய சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே சென்றுவிடும். சில கிலோ எடையே உள்ள பூனைக்கு அது உயிராபத்து. புட்டியிலும் சிரிஞ்சிலும் உள்ள எண் ஒன்றாக இருக்கிறதா என ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் இன்சுலின் பயன்படுத்தினாலும், அந்தப் புட்டியிலிருந்து பூனைக்கு எடுக்க வேண்டாம்.

ஊசியின்போது பூனை துள்ளியதால் மருந்து முழுவதும் உள்ளே சென்றதா என ஐயம் எழலாம். அப்போதும் மறுமுறை போடாதீர்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு வழக்கமான அளவே போதும், இரட்டிப்பாக்கக் கூடாது. ஒரு வேளை சர்க்கரை கூடுவதால் விளையும் தீங்கைவிட, அது திடீரெனக் குறைவதால் விளையும் தீங்கு பெரிது.

உணவு

நம் வீடுகளில் பூனைக்குப் பால்சோறு, தயிர்சாதம், பிஸ்கட் கொடுப்பது பழக்கம். பூனையோ இயல்பில் ஊன் உண்ணும் உயிரினம். மாவுச்சத்தை மிகுதியாகக் கையாளும் திறன் அதன் உடலுக்கு இல்லை. புரதம் மிகுந்த, மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவே ஏற்றது. ஆனால் உணவை நாங்கள் கூறும் வேகத்தில் மட்டுமே மாற்றுங்கள். மாவுச்சத்துக் குறையும்போது இன்சுலின் தேவையும் குறையும். எடையைக் குறைக்கும் எண்ணத்தில் பட்டினி போடாதீர்கள்; பருத்த பூனை சில நாள் உண்ணாதிருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து புதிய நோய் தோன்றும். பூனை உணவை மறுத்தால், ஊசி போடுவதற்கு முன் எங்களை அழையுங்கள்.

சர்க்கரை அளவு

மருத்துவமனைக்கு வரும் அச்சத்தினாலேயே பூனையின் இரத்தச் சர்க்கரை உயர்ந்துவிடும். ஆகவே வீட்டில் எடுக்கும் அளவுகளே எங்களுக்கு அதிகம் உதவுகின்றன. காது மடலின் ஓரத்தில் சிறு துளி இரத்தம் எடுக்கும் முறையைச் செவிலியர் கற்றுத் தருவர். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனையிடம் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். எந்தக் கருவியில் எடுத்தீர்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். உண்ட உணவு, குடித்த நீர், வாராந்திர எடை ஆகியவையும் அதில் இடம்பெறட்டும். மருந்தின் அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

அவசர நிலை

தள்ளாட்டம், சோர்வு, நடுக்கம், வலிப்பு ஆகியவை சர்க்கரை மிகவும் குறைந்ததைக் காட்டும். பூனை விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுங்கள். இல்லையெனில் சிறிது தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறுகளில் தடவுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். வலிப்பின்போது வாய்க்குள் விரலை விடாதீர்கள். தேறியதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். தொடர் வாந்தி, உணவு மறுப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை சேர்ந்து வந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. தொடக்கத்திலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலின் தேவையே இல்லாமல் போகிறது. நோய் திரும்பக்கூடும் என்பதால் உணவுக் கட்டுப்பாடும் கண்காணிப்பும் பின்னரும் தொடர வேண்டும். அந்நிலையை எட்டாத பூனைகளும் முறையான ஊசியுடன் பல ஆண்டுகள் நலமாக வாழ இயலும். அடுத்த வருகையின்போது குறிப்பேட்டையும், நீங்கள் பயன்படுத்தும் புட்டியையும் சிரிஞ்சையும் தவறாமல் கொண்டு வாருங்கள்.