விண்ணிலிருந்து ஆற்றின் வெப்பம் அறிதல்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்கினால், ஏலமலைத் தொடர் மதில்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். குரங்கணிப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் கொட்டகுடி ஆறு, ஊரை ஒட்டி ஓடித் தேனிக்கு அருகில் வைகையோடு கலக்கிறது. இவ்வாற்று நீரின் வெப்பநிலையை 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு துணைக்கோள் நமக்குச் சொல்ல முடியுமா?

நீரின் வெப்பம் எதற்காகத் தெரிய வேண்டும் என்று மாணவ நண்பர்கள் வினவலாம். மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அல்லவா? 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். வெப்பம் ஏறினால் மீனின் உடலோ முன்னிலும் மிகுதியாக ஆக்சிஜனைக் கேட்கிறது. வரவு குறையும்போதே செலவு கூடுகின்ற குடும்பத்தின் நிலைதான். ஏலச்செடி நிழலில் வளர்வது. அதன்பொருட்டு விட்டு வைக்கப்பட்ட மரங்களே ஓடைகளுக்கும் குடை பிடிக்கின்றன. அம்மரங்கள் குறைந்தால் வெயில் நேரே நீரில் விழும்.

இனித் துணைக்கோளின் வேலையைப் பார்ப்போம். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷெல் என்னும் வானியலறிஞர், சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒளியே தெரியாத இடத்தில் ஒரு வெப்பமானியை வைத்தார். அதில் பாதரசம் ஏறிற்று. அகச்சிவப்புக் கதிர்கள் இவ்வாறு அறியப்பட்டன. பாறை, இலை, நீர் யாவுமே தத்தம் வெப்பத்திற்கேற்ப இக்கதிர்களை வெளியிடுகின்றன. நம் ஊர் வெப்பத்திலுள்ள பொருள்கள் மிகுதியாக வெளியிடும் கதிரின் அலைநீளம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஒட்டியது. அமெரிக்காவின் லேண்ட்சாட் 8 (2013), லேண்ட்சாட் 9 (2021) ஆகிய துணைக்கோள்கள் இதனையே அளக்கின்றன. ஒவ்வொன்றும் 16 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தின்மேல் வருவதால், இரண்டும் சேர்ந்து 8 நாட்களுக்கொரு படம் தருகின்றன. இடையிலுள்ள காற்றின் நீராவி கதிர்களில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால், அதற்கும் ஒரு திருத்தக் கணக்கு உண்டு.

ஆனால் கொட்டகுடி ஆற்றிடம் இக்கருவி தோற்றுப்போகிறது. அதன் வெப்பக் கண்ணுக்கு 100 மீட்டர் நீள அகலமுள்ள ஒரு கட்டம் ஒரே புள்ளி. அக்கட்டத்தின் ஊடே 20 மீட்டர் அகலத்தில் ஓர் ஆறு ஓடுவதாகக் கொள்வோம். நீர் 25 டிகிரி. சுற்றிலும் வெயிலில் காய்ந்த பாறை 40 டிகிரி. ஐந்தில் ஒரு பங்கு நீரும் நான்கு பங்கு பாறையும் கலந்து, துணைக்கோள் ஏறக்குறைய 37 டிகிரி என்று அறிவிக்கும். அது நீரின் வெப்பமும் அன்று, பாறையின் வெப்பமும் அன்று. கரை கலவாத கட்டங்கள் கிடைக்க, ஆறு இருநூறு முந்நூறு மீட்டராவது அகன்றிருக்க வேண்டும்.

கீழே, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர்த்தேக்கத்தில் இத்தொல்லை இல்லை. அங்கே முழுக்க நீராலான கட்டங்கள் ஏராளம். எனினும் துணைக்கோள் உணர்வது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மேற்படலத்தை மட்டுமே. தேங்கிய நீரில் மேலே சுட்டாலும் ஆழத்தில் குளிர்ந்திருக்கலாம். பாறைகளில் மோதிப் புரண்டு ஓடும் நீரில் இவ்வேற்றுமை குறைவு. ஆக, மேற்படலத்தை நம்பத்தக்க ஓடையைக் கருவி காண இயலவில்லை. காண இயலும் ஏரியிலோ மேற்படலம் முழுக்கதையைச் சொல்வதில்லை!

மேகமும் குறுக்கே நிற்கும். பருவமழைக் காலங்களில் இம்மலைகளின் படங்கள் பெரும்பாலும் வெண்மையாகவே வரும். நல்ல வேளையாக, ஆறு இளைத்து நீர் சூடேறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தெளிவான நாட்கள் அதிகம். இந்தியாவும் பிரான்சும் கூட்டாக வகுத்துள்ள திருஷ்ணா துணைக்கோளின் வெப்பக் கட்டம் ஏறக்குறைய 57 மீட்டர். அதுவும் மலையோடைக்குப் போதாது என்பதே என் கருத்து.

ஓடையை நேரே அளக்க இயலாவிடினும் அதன் நிழலை அளக்கலாம். பசுமையைக் காட்டும் படங்களில் ஒரு கட்டம் 30 மீட்டர்தான். 1984 முதல் எடுக்கப்பட்ட இத்தகைய படங்களை 2008 முதல் எவரும் கட்டணமின்றிப் பெறலாம். அவற்றை ஒப்பிட்டு, ஓடைக்கரையில் மரப்போர்வை எங்கே மெலிந்தது என்று கல்லூரி மாணவர்களே குறித்துவிடலாம். பிறகு, மெலிந்த இடத்துக்குச் சற்று மேலே ஒரு வெப்பமானியையும் கீழே ஒன்றையும் ஓடும் நீரில், வெயில் நேரே படாமலும் பாறையைத் தொடாமலும் கட்டி வைக்க வேண்டும்.