கிளட்ச் மாற்றத் தொடங்கும் வேலை, காரையே பிரிப்பதில் முடிவது ஏன்?

1982இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 944 என்னும் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரில், எடை சமமாகப் பரவ வேண்டும் என்பதற்காக எஞ்சினை முன்புறமும் கியர்பெட்டியைப் பின்புறமும் வைத்து, இரண்டையும் இணைக்கும் சுழல்தண்டை நீண்ட குழாய்க்குள் அமைத்தனர். கிளட்ச் இருப்பதோ எஞ்சினின் பின்முனையில். அதை எட்டப் புகைக்குழாயையும் கியர்பெட்டியையும் இறக்கி, அந்த நீண்ட குழாயையும் பின்னுக்கு நகர்த்த வேண்டும்.

ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்ற ஏறியவருக்கு, அடியிலுள்ள ரீப்பர் உளுத்திருப்பதும், அதைக் கழற்றியபின் கைமரம் இற்றிருப்பதும் தெரியவருவதைப் போன்றதே இந்தப் பிரிப்பு வேலையும்.

கிளட்சுக்கும் எஞ்சினுக்கும் இடையே, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான 'சீல்' இருப்பதைக் கவனியுங்கள். வெப்பமும் ஆக்சிஜனும் ஆண்டுக்கணக்கில் தாக்கியதால் அது இறுகி, நெகிழ்வை இழந்திருக்கும். அதை அப்படியே விட்டு மூடினால், பின்னாளில் கசியும் எண்ணெய் புதிய கிளட்சையும் கெடுத்து, மொத்த உழைப்பையும் மீண்டும் கேட்கும்.

இப்படிப் பிரிக்கும்போது போல்ட்டுகள் ஏன் முறிகின்றன? துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் மரைகள் இறுகிவிடுகின்றன. ஸ்பேனரைத் திருப்பும்போது தலை மட்டும் கையோடு வர, உள்ளே சிக்கிய தண்டைத் துளையிட்டு எடுப்பது தனி வேலையாகிறது.

எனவே, சொந்தக் கையால் பழுதுபார்ப்பவர் ஒவ்வோர் உறுப்பையும் பார்த்து, அதை எட்ட இதே பிரிப்பு மீண்டும் தேவைப்படுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்: தேவைப்படும் என்றால் இப்போதே மாற்றுவது சிக்கனம், தேவைப்படாது என்றால், ஒத்திவைப்பதே கார் மீண்டும் சாலைக்கு வரும் வழி.