இடைவெளி இல்லாத வரியில் சொல் எங்கே முடிகிறது?

தஞ்சோங் காராங் கடைத்தெருவில் சீன நாளிதழ் படிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது. பிறகு எப்படித் தடுமாறாமல் படிக்கிறார்கள்?

கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை; தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழக் கால் நொடி. அப்போது இடப்பக்கம் ஓர் எழுத்தும் வலப்பக்கம் இரண்டு மூன்று எழுத்துகளும்தான் பயன்படும் அளவுக்குப் புலப்படும். அதற்குள் பொருந்தக்கூடிய சொற்களெல்லாம் மூளையில் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. எது ஜெயிக்கிறதோ, அதன் விளிம்புதான் சொல்லின் எல்லை.

எடுத்துக்காட்டாக, 'யென் ஜியூ ஷெங் மிங்' என்று நான்கு எழுத்துகள். முதல் மூன்றும் சேர்ந்தால் முதுநிலை மாணவர். இரண்டிரண்டாகப் பிரித்தால் உயிரை ஆராய்தல். அடுத்து 'தோற்றம்' என்ற சொல் வந்தால் மாணவருக்கு அங்கே வேலையில்லை.

நம் ஓலைச்சுவடிகளிலும் இடைவெளி இல்லை, பெரும்பாலும் புள்ளிகூட இல்லை. தமிழறிஞர் உ.வே.சா. அவற்றைத்தான் படித்துப் பதிப்பித்தார்.

சரி, இடைவெளி விட்டுக் கொடுத்தால் சீன வாசகர் வேகமாகப் படிப்பாரா? 2008-இல் வெளிவந்த கண்ணசைவு ஆய்வு ஒன்றில் அதையும் சோதித்தார்கள். சொற்களுக்கு நடுவே விட்டபோது வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. எழுத்துக்கு எழுத்து விட்டபோதோ வாசிப்பு மந்தமானது.